பன்னிரண்டு முடிச்சுக் கயிறு

“இந்தக் கேஸ் அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கணும் சார்.”

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ‘சொல்லியிருந்தார்கள்’ என்பது மரியாதைக்கு. சொன்னது ஒரே ஒருவர்தான். பிரபல துப்பறிவாளர், என் முதலாளி. வெயிலாக இருக்கட்டும், கடற்கரையாக இருக்கட்டும், கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் எதிரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘கோட்டு’.

கோட்டு எனக்குப் போட்ட கட்டளைகள் மூன்று. கிளையன்ட் உட்காரும் முன் உட்காராதே. கிளையன்டைவிடப் புத்திசாலியாகத் தெரியாதே. கையெழுத்து கேட்காதே. முதல் இரண்டையும் முதல் வாரத்திலேயே மீறிவிட்டேன். மூன்றாவதற்குத்தான் இரண்டு வருஷமும் பதினேழு கேஸும் பிடித்தன.

“கையெழுத்துன்னா பொறுப்பும்மா. உனக்கு எதுக்கு அந்தப் பாரம்?” என்றார் காரின் பின் சீட்டிலிருந்து.

“பாரம் பூரா நான்தான் சார் தூக்கறேன். காரும் நான்தான் ஓட்டறேன். பேனா ஒண்ணுதான் நீங்க தூக்கறீங்க.”

“இதுக்குத்தான் படிச்சவங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுங்கறது.”

எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. அப்பா, அம்மா இரண்டு பேரும் கைநாட்டு. பட்டம் வாங்கிய அன்று ஒரு வெள்ளைத் தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அப்பா. அதற்கப்புறம் என் கையெழுத்துக்குக் கிடைத்த பெரிய கௌரவம் கூரியர் ரசீது.

டைவிங் கம்பெனி வாசலில் காரை நிறுத்தினேன். இரும்புக் கேட்டை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே பெரிய போர்டு தொங்கியது. ‘குளிரிலும் கண்ணாடித் தண்ணீர். தெளிவுக்கு நாங்கள் உத்தரவாதம்!’ கீழே ஒருவன் மீன்களுக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தான். அரைக்கை ரப்பர் உடுப்பு, வெறுங்கை.

“சார், இந்தப் படம் கோடையில எடுத்தது.”

“எப்படிச் சொல்றே?”

“இந்தக் குளிர்ல வெறுங்கையோட இறங்கினா, ஆள் வெளிய வரும்போது கை கூட வராது.”

கோட்டு போர்டை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நிதானமாக. “கெட்டிக்காரி” என்றார். “நீ கீழ பாரு. நான் மேல ஓனரைப் பாக்கறேன். மூணு மணிக்கு அறிக்கை தயாரா இருக்கணும். நாலு மணிக்கு விசாரணை.”

“தண்ணி எனக்கு, ஏசி உங்களுக்கா?”

கோட்டு மாடிப்படி ஏறினார். முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தும்மல் வரும்.

கேஸ் இவ்வளவுதான். குளிர்காலத்தில் பாசி குறையும், ஆற்று மண் கடலில் கலக்காது, தண்ணீர் தெளியும். ஸ்கூபா டைவிங் பைத்தியங்களுக்கு அதுதான் சீசன். இந்தக் கம்பெனி ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் தெளிவு என்று தினமும் ஆபீஸ் பலகையில் எழுதும். போன சனிக்கிழமை மூன்றாவது இடத்துக்குப் பதினெட்டு மீட்டர். கைடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஒருவர் வழி தவறிப் பதறி வேகமாக மேலே வந்து, இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு காது கேட்காமல் கிடக்கிறார்.

‘பதினெட்டு மீட்டர் கண்ணாடி மாதிரி தெரியற தண்ணியில ஒரு ஆளைத் தொலைச்சாங்கன்னா, தப்பு கைடு மேல’ என்பது கம்பெனி. ‘என் கையே எனக்குத் தெரியல’ என்பது கைடு. விசாரணை முடியும்வரை படகு எடுக்கக் கூடாது என்று டைவர்கள் சங்கம் சொல்லிவிட்டது. இன்று நான்கு மணிக்கு முடிவு. கம்பெனி சொல்வது நிலைத்தால் கைடின் லைசென்ஸ் போகும். ஒரு இடத்தில் போனால் எல்லா இடத்திலும் போன மாதிரி.

எங்களை வைத்துக்கொண்டது கம்பெனி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கைடு பின்கட்டில், சிமென்ட் தொட்டியில் ரப்பர் உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூச்சுப் பிடிப்பதில் ஆண்களையெல்லாம் தோற்கடித்ததால் ‘நீர்க்காகம்’ என்று பேர். லைசென்ஸ் போகப்போகிறவர் எதற்கு உடுப்பை அலசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“உப்போட விட்டா வெடிச்சுடும்” என்றார், கேட்காமலேயே. “நீங்க அவங்க ஆளுதானே?”

“சம்பளத்துக்கு அவங்க ஆளு. மத்தபடி யாரோட ஆளுன்னு சாயந்தரம்தான் தெரியும்க்கா. அன்னிக்கு என்ன ஆச்சு?”

“ஆறு மீட்டர் இறங்கினதும் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு. உடனே ரெண்டு பேரையும் திருப்பினேன். ஒருத்தர் கையைப் பிடிச்சேன். இன்னொருத்தர் கை நழுவிப்போச்சு. முட்டை முட்டையா மேல போற காத்துக்குமிழை வெச்சுத்தான் தேடிப் பிடிச்சேன்.”

“தண்ணி கலங்கும்னு முன்னாடியே தெரியாதா?”

“முந்தின நாள் காத்து திசை மாறி அடிச்சுது. மூணாவது இடம் திறந்த வெளி. அடிமணல் எழும்பும். எனக்குச் சந்தேகம்தான். ஆபீஸ்ல கேட்டேன். ‘பலகையில பதினெட்டு, நீங்க என்ன தண்ணிக்கு ஜோசியமா பாக்கறீங்க’ன்னாங்க.” பிழிந்த உடுப்பைக் கொடியில் போட்டார். “இடம் தேர்ந்தெடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லம்மா. நேத்திக்குக் காத்து எந்தப் பக்கம், மறைவா மலை இருக்கா, அடியில மணலா பாறையா. அவ்வளவுதான். ஆனா கைடு பலகையைத்தான் நம்பணும். அது இங்க சட்டம்.”

“பலகைக்கு யார் சொல்றது?”

“படகுக்கார அண்ணன். அவரும் பேசறதில்ல, ஆறு நாளா. என்னைப் பாத்தா என்ஜினைப் பாக்கறாரு.”

தடயம் என்று கையில் இருந்தது அது ஒன்றுதான். பிடித்துக்கொண்டேன்.

ஆபீசில் அளவு நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். சீசன் தொடங்கி நாற்பத்தோரு நாள். பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு. எங்கள் கல்லூரியில் இன்டர்னல் மார்க் போடுவது மாதிரி, எல்லாரும் பாஸ். சுவரில் சீசன் தொடக்க விழா புகைப்படம் மாட்டியிருந்தது. ஓனர் ரிப்பன் வெட்டுகிறார், பின்னால் அதே போர்டு, மூலையில் தேதி. நோட்டின் முதல் பக்கத்துக்கு முந்தின நாள்.

படகுத்துறையில் படகுக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் என்ஜினைப் பார்த்தார். நல்ல கனமான ஆள். குனிந்தபடியே, “எதுவா இருந்தாலும் ஓனரைக் கேளும்மா” என்றார்.

“உங்களை எதுவும் கேக்கலைண்ணா. தண்ணியை எப்படி அளப்பீங்கன்னு காட்டுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

தொழிலைக் காட்டச் சொன்னால் மறுக்கிற தொழிலாளியை நான் பார்த்ததில்லை. படகின் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டை எடுத்தார். சோற்றுத் தட்டு அளவு, நடுவில் துளை, அதில் கட்டிய நீலக்கோடு போட்ட கயிறு.

“மீட்டருக்கு ஒரு முடிச்சு. தட்டை இறக்கிக்கிட்டே இருப்பேன். எப்போ கண்ணுக்கு மறையுதோ, அந்த முடிச்சுதான் கணக்கு.”

“இதெல்லாம் என்ன, துணி கிளிப்பு?”

கயிற்றில் அங்கங்கே ஐந்து நிறங்களில் துணி உலர்த்தும் கிளிப்புகள். அவருக்கு முதன்முறையாக வெட்கம் வந்தது.

“அஞ்சு இடம் அளந்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு நம்பர் மறந்துடும்மா. நடுக்கடல்ல போனும் எடுக்காது. அதான் மறையற இடத்துல கிளிப் மாட்டிடுவேன். இடத்துக்கு ஒரு கலர். கரைக்கு வந்து எண்ணிப் பாத்து போன்ல சொல்லுவேன். மறுநாள் அளக்கும்போதுதான் நகத்துவேன்.”

“மூணாவது இடம் என்ன கலர்?”

அவர் மறுபடி என்ஜினைப் பார்த்தார். பரவாயில்லை. ஆபீஸ் வரைபடத்தில் மூன்றாவது இடத்துக்குக் குத்தியிருந்தது சிவப்புக் கொடி.

“சனிக்கிழமைக்கு அப்புறம் அளந்தீங்களாண்ணா?”

“படகே எடுக்கலையே.”

“அப்போ இது சனிக்கிழமைக் கணக்கு.”

கயிற்றைத் துறையின் பலகைத் தரையில் நீளமாகப் போடச் சொன்னேன். போட்டார். தட்டிலிருந்து எண்ணினேன். சிவப்பு கிளிப் நான்காவது முடிச்சில் இருந்தது. கழற்றிப் பார்த்தேன், ஈரக் கயிற்றில் ஆறு நாள் கடித்துக்கொண்டிருந்த கிளிப்பின் கம்பி, அந்த இடத்தில் மட்டும் துருவால் மோதிரம் போட்டிருந்தது. திரும்ப அதே இடத்தில் மாட்டினேன்.

நான்கு. பலகையில் பதினெட்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், வினாத்தாளில் கடைசிக் கேள்வி வரை எழுதுவேன். கயிறு முடியும்வரை எண்ணினேன். மற்ற நான்கு கிளிப்புகளும் கடைசி முடிச்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்கப்புறம் கயிறு இல்லை. கத்தியால் வெட்டிய முனை.

“அண்ணா, பன்னிரண்டு முடிச்சுக் கயித்துல தினம் பதினெட்டு, பத்தொன்பதுன்னு அளந்த மகான் யாரு?”

அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“முன்னாடி பதினெட்டு இருந்துச்சும்மா. மீதியை…” என்று நிறுத்தி, கேட் இருக்கும் திசையில் தாடையை அசைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் போர்டு எப்படித் தொங்குகிறது என்று தெரிந்தது. இடது பக்கம் கம்பி. வலது பக்கம் நீலக்கோடு போட்ட கயிறு, இரண்டு மூன்று சுற்றாக. அதில் முடிச்சுகள். இங்கிருந்தே எண்ண முடிந்தது. ஆறு.

தண்ணீரின் தெளிவை அளக்கும் கயிற்றை வெட்டி, தண்ணீர் தெளிவு என்று சொல்லும் போர்டைக் கட்டியிருக்கிறார்கள். நான் சிரித்தேன். படகுக்காரர் சிரிக்கவில்லை.

“விழா அன்னிக்குக் கம்பி பத்தல. ‘உன் கயித்துல கொஞ்சம் குடு, அப்புறம் வாங்கிக்கலாம்’னாரு ஓனர். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. தெளிவா இருக்கற நாள்ல ‘கயிறு முடிஞ்சுது, தட்டு இன்னும் தெரியுது’ன்னு சொல்லுவேன். அவங்களா ஒண்ணு எழுதிப்பாங்க. சரி, நல்ல தண்ணிதானேன்னு விட்டுட்டேன். ஆனா சனிக்கிழமை நான் ‘நாலு’ன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.”

“ஆறு நாளா ஏன் சொல்லல?”

“ஓனர் என் மச்சான்மா. என் வீட்டுக்காரி அவருக்குத் தங்கச்சி. ‘உங்களால எங்க அண்ணன் தலை குனியணுமா’ன்னு கேக்கறா. நான் சாப்பாட்டுத் தட்டைப் பாத்தா இந்தத் தட்டுதான் தெரியுது.”

“அந்தக்கா ஆறு நாளா உடுப்பு அலசிட்டு இருக்காங்கண்ணா” என்றேன். “யாரோடதுன்னு பாத்தீங்களா? உங்க படகை நம்பி நாளைக்கு இறங்கப்போறவங்களோட உடுப்பு.”

அவர் எழுந்தார். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார், கிளிப்புகள் நகராமல், மிகவும் மெதுவாக.

கீழே இன்னும் அரை மணி நேரம் இருந்தேன். எதற்கென்று அப்புறம் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு மாடி. ஓனர் ரூமில் ஏசி கடலைவிடக் குளிராக இருந்தது. ஓனர் மேசைக்குப் பின்னால், கோட்டு சோபாவில், நடுவில் அறிக்கை, டைப் செய்து தயாராக. யாரும் உட்காரச் சொல்லும் முன் நான் உட்கார்ந்தேன்.

“சார், கேஸ் முடிஞ்சுது” என்று ஆரம்பித்து, நோட்டு, கிளிப், துரு, பன்னிரண்டு முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஓனரின் முகம் வெள்ளைத் தட்டானது. ஆழத்தில் மறையப்போகிற தட்டு.

கோட்டு மட்டும் அசையவில்லை. “மீதி ஆறு முடிச்சு வாசல் போர்டுல. அதானே?” என்றார்.

என்னை முந்திவிட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

“உங்களுக்கு எப்படி…?”

“திங்கக்கிழமை இவங்க கார் அனுப்பிக் கூப்பிட்டாங்க, இறங்கும்போதே பாத்துட்டேன். போர்டைக் கட்டற கயித்துல யாராவது சரியா மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுவாங்களா? அன்னிக்கே ஓனர் சார்கிட்ட சொல்லிட்டேன். இனிமே இவங்க கம்பெனி கேஸ் எல்லாம் வருஷம் பூரா நமக்குத்தான்.”

அவர் உண்மையிலேயே பிரபலம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

“அப்போ என்னை எதுக்குக் கீழ அனுப்பினீங்க?”

“தேடினா கிடைக்குமான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? நீ கண்டுபிடிக்கலைன்னா சங்கத்துக்காரன் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான். நீ கண்டுபிடிச்சுட்டே. நல்லது. இப்போ கயித்தை மாத்திடுவாங்க.” குழந்தைக்குப் பாடம் சொல்லும் குரல். “கோவிச்சுக்காதே. இன்னிக்கு உனக்கு ஒரு பரிசு இருக்கு.”

ஆக, கயிற்றில் கட்டிய தட்டு நான்தான். எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று இறக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

கோட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டிருந்தது. கீழே ‘துணைத் துப்பறிவாளர்’. தன் பேனாவின் மூடியை அவரே கழற்றி நீட்டினார்.

“காலையில கேட்டியே. போடு.”

பேனாவை வாங்கிக்கொண்டேன். அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். “அதெல்லாம் படிக்க நேரமில்லம்மா, மணியாகுது” என்றார் ஓனர்.

“எங்கப்பா கைநாட்டு சார். ஆனா நாலு பேரைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்காம ஒரு தாள்லயும் விரல் வெச்சதில்ல.”

படித்தேன். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘அன்று தண்ணீர் கலங்கியதற்கான காரணம் தெளிவாகத் தெரியவில்லை. எனினும் கைடு உரிய எச்சரிக்கையோடு நடந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம்.’

“நல்ல தமிழ்” என்றேன். “எத்தனை வருஷம் பழகினா சார் இவ்வளவு அழகாப் பொய் எழுத வரும்?”

“அந்தப் பொண்ணுக்கு என்ன? வேற எங்கயாவது வேலை கிடைக்கும்” என்றார் கோட்டு.

“தண்ணிக்குள்ள இறங்கறதுதான் சார் அவங்க வேலை. லைசென்ஸ் இல்லாம பக்கெட்லதான் இறங்கணும்.”

ஓனருக்குப் பொறுமை போயிற்று. “கயிறு எங்க இருக்கு இப்போ?”

“உங்க மச்சான் கிட்ட.”

உடனே போனை எடுத்து அழுத்தினார். எங்கோ பக்கத்தில் மணி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மணி ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

கோட்டுதான் முதலில் எழுந்து எட்டிப் பார்த்தார். கேட்டருகே ஏணி. ஏணியில் படகுக்கார அண்ணன். அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க முடியாது, இரண்டு கையும் முடிச்சில். நீர்க்காகம் அக்கா கீழே போர்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். கயிறு விடுபட்டது. ‘தெளிவுக்கு நாங்கள் உத்தரவாதம்’ மெல்ல ஒரு பக்கம் சரிந்து, அவர் கையோடு தரையில் இறங்கி உட்கார்ந்தது.

“டேய்!” என்று கத்தினார் ஓனர்.

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். “என் படகுக் கயிறு மச்சான்! ஒண்ணரை மாசமாக் கேக்கறேன்!”

அந்த அரை மணி நேரக் கதை இதுதான். என் நோட்டில் பார்த்ததையெல்லாம் எழுதி, படகுக்காரர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கி, கீழே என்னுடையதைப் போட்டுவிட்டேன். சின்னக் கூரியர் கையெழுத்து இல்லை. அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த முழு நீளக் கையெழுத்து. அந்தத் தாளும் கிளிப் மாட்டிய பன்னிரண்டு முடிச்சும் அக்காவின் பையில் இருந்தன; மீதி ஆறு முடிச்சை அவிழ்க்க அண்ணன் ஏணி தேடிப் போயிருந்தார், மச்சானிடம் என்று நான் சொன்னது அதைத்தான். கோட்டை நான் அப்போது சந்தேகப்படவில்லை. விசாரணை யாருக்கோ, கயிறும் அவர் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மாடிக்கு வந்தது சொல்லிவிட்டுப் போக.

“அந்தப் படியில இறங்கினே, வேலை கிடையாது” என்றார் கோட்டு. அவர் நெற்றியில் வேர்வை. அந்த ஏசியில், அந்தக் கோட்டுக்குள்.

பேனாவை மூடி அறிக்கையின் மேல் வைத்தேன். அது உருளாமல் இருக்கப் பக்கத்தில் கார் சாவியை வைத்தேன்.

“எப்படி வீட்டுக்குப் போறது?” என்றார், தன்னையறியாமல். அவருக்கு ஓட்டத் தெரியாது.

“துப்பறிஞ்சு பாருங்க சார்.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். படியிறங்கி, கேட்டருகே நின்ற அண்ணனிடம் கையை நீட்டினேன். கயிற்றைக் கொடுத்தார். பழைய முடிச்சுகள், இறுகிப்போய், வெயிலில் வெளுத்து. நடந்துகொண்டே எண்ணினேன்: பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. அக்கா என் பக்கத்திலும் அண்ணன் பின்னாலும் வந்தார்கள். சங்கக் கட்டடம் இரண்டு தெரு தள்ளி. முதல் தெரு முனை திரும்பும்போது பதினெட்டு சரியாக இருந்தது.